உறுதியில் எழுதிய மாமரம்

1

இந்த வருஷத்து மாங்காய்ச் சாக்கு நேற்று வந்து சேர்ந்தது. பினாங்குத் துறைமுகத்தில் இறங்கி, ரயிலில் ஏறி, எங்கள் இலாகாக் கந்தோர் வாசலில் வந்து கிடந்தது. நான் இங்கே தைப்பிங்கில் அரசாங்கத் தோட்டத்து மரக்கன்று மேடைகளுக்குப் பொறுப்பாக இருக்கிறேன். வெளிநாட்டிலிருந்து வரும் காய் கனிகளில் புழு இருக்கிறதா என்று பார்ப்பதும் இந்த ஊரில் என் வேலை. ஆகவே எனக்கு வந்த சாக்கை நானே பரிசோதிக்க வேண்டியதாயிற்று.

அதற்கான பத்திரத்தில், "பரிசோதிப்பவருக்கும் பொருளைப் பெறுபவருக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?" என்று ஒரு கேள்வி இருக்கிறது. "உண்டு. இருவரும் நானே" என்று எழுதினேன். தலைமைக் குமாஸ்தா அதைத் திருப்பி அனுப்பினார். என்னை நான் நம்பலாமா என்பதைத் துரைத்தனம் தீர்மானிக்க அரை நாள் சென்றது. கடைசியில் என் கீழ் வேலை செய்யும் சீனப் பையன் வந்து சாக்கைப் பிரித்தான். ஒரு பழத்தை வெட்டி முகர்ந்தான், நாக்கில் வைத்தான், முகத்தைச் சுளித்தான்.

"புழு இல்லை. புழுகூட இதைத் தின்னாது" என்று மலாயில் சொல்லிக் கையெழுத்து வைத்தான்.

அந்தப் பழம் யாழ்ப்பாணத்தில், சண்டிலிப்பாயில் எங்கள் முதுசத் தோட்டத்தில், கிணற்றடியில் நிற்கும் ஒரு மரத்துப் பழம். அந்த மரத்தின் பயன் என் சீவிய காலம் வரை எனக்கே உரியது என்று நொத்தாரிசு எழுதிய காணி உறுதிப் பத்திரம் என் பெட்டியில் இருக்கிறது. ஆறு மரங்கள் நின்ற தோட்டத்தில் எனக்கு இந்த ஒன்று மட்டும் எப்படி வந்தது என்பதை ஊரில் வேறு விதமாகக் கதைக்கிறார்கள் என்று கேள்வி. யார் அப்படிக் கதைக்கிறார்கள் என்றும் ஊகித்து வைத்திருக்கிறேன். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

2

நான் மலாய் நாட்டுக்குக் கப்பல் ஏறியபோது, ஊரில் எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி. "கிளாக்கரோ?" யாழ்ப்பாணத்தான் கடல் கடந்தால் மேசைக்கு முன்னால்தான் உட்கார வேண்டும் என்பது எழுதாத சட்டம். "தோட்ட இலாகா" என்று நான் சொன்னதும் கரவெட்டியில் என் மாமனார், "தோட்டம் கொத்திறதெண்டால் இஞ்சையே கொத்தலாமே தம்பி. அதுக்கேன் கப்பல்?" என்றார். பெண்ணைத் தந்துவிட்டபடியால் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

இங்கே மழை நாளும் பெய்கிறது. வேலிக்குக் குத்திய தடியும் ஒரு மாதத்தில் இலை விடும். ஊரில் ஒவ்வொரு பயிரும் ஒரு மனிதன் கிணற்றுத் துலா மிதிக்க, இன்னொருவன் பட்டையில் அள்ளி ஊற்ற, அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்வது. இந்த இரண்டு மண்ணையும் தெரிந்தவன் செடியைச் சும்மா நம்ப மாட்டான். நான் மனிதரையும் அப்படித்தான் நம்புவதில்லை என்று என் மனைவி பாக்கியம் சொல்வாள்.

முதலில் புல் வெட்டுவோரை மேய்க்கும் வேலை. பிறகு ரப்பர் கன்றுகளுக்கு மொட்டு ஒட்டும் வேலை படித்தேன். நல்ல மரத்திலிருந்து ஒரு கண்ணைப் பட்டையோடு செதுக்கி எடுத்து, வேறொரு கன்றின் பட்டையைத் திறந்து உள்ளே வைத்துக் கட்டுவது. கத்தி சுத்தமாக இருக்க வேண்டும், கை நடுங்கக் கூடாது. என் கை நடுங்குவதில்லை. அதனால்தான் படிப்படியாக இந்த இடத்துக்கு வந்தேன்.

அரசாங்க வீட்டின் பின்னால் எங்களுக்கென்று ஒரு சிறிய தோட்டம் உண்டு. முருங்கை இலையாகத் தழைக்கும், காய் காய்க்காது. கத்தரிக்கு மழை ஆகாது. இருந்தும் பாக்கியம் விடமாட்டாள். பிள்ளைகள் இரண்டும் அதற்குள் கால் வைப்பதில்லை. மகன் தில்லை அதைக் "கபுன்" என்பான், மலாயில் தோட்டம். "தோட்டம் எண்டு சொல்லடா" என்றால், "ரெண்டும் ஒண்டுதானேப்பா" என்பான். அவனுக்கு இரண்டும் ஒன்றுதான். எனக்குத்தான் இல்லை.

சண்டிலிப்பாய்த் தோட்டம் எனக்கும் தம்பி செல்லையாவுக்கும் எங்கள் தகப்பன், அப்பு, விட்டுப்போன பிரிக்காத முதுசம். செல்லையா அங்கே புகையிலை செய்கிறான். முந்திய லீவில் போனபோது, கரவெட்டியில் மாமனார் வீட்டு வளவில் நிற்கும், தேனாய் இனிக்கும் கறுத்தக்கொழும்பான் மாமரத்தில் எட்டுக் கன்றுகள் ஒட்டினேன். புளிமாங்கொட்டையில் முளைத்த கன்று அடி, கறுத்தக்கொழும்பான் தலை. இரண்டை அந்த வளவிலேயே நட்டேன். ஆறைச் சண்டிலிப்பாய்க்குக் கொண்டுவந்து, புகையிலைக்கு ஓடும் வாய்க்காலின் தண்ணீர் சேரும்படி கிணற்றடியிலிருந்து வரிசையாக நட்டேன். பென்சனோடு திரும்பியதும் இவற்றைத் தாய் மரங்களாக வைத்து ஒட்டுக்கன்று விற்கும் தோட்டம் ஒன்று நடத்துவது என் எண்ணம். செல்லையாவிடம், "கவனமாய்ப் பார்" என்று சொல்லிவிட்டுக் கப்பல் ஏறினேன். அவன் கவனமாகத்தான் பார்த்தான். அதைப் பிறகு சொல்கிறேன்.

3

சில வருஷங்களுக்குப் பின் ரயில்வேயில் வேலை செய்யும் எங்களூர் நாகலிங்கம் லீவு முடிந்து திரும்பியபோது ஒரு சாக்கைக் கொண்டுவந்து போட்டார். "உம்மடை தோட்டத்து மாங்காய். தம்பி தந்துவிட்டவர். முதற் காய்ப்பு."

வைக்கோலில் வைத்துப் பழுக்கவிட்டு, சுவாமிக்குப் படைத்து, பிள்ளைகளை உட்காரவைத்து வெட்டினேன். நார். புளிப்பு. கொட்டையைச் சுற்றித் தேங்காய்த் தும்பு போல நார். இது கறுத்தக்கொழும்பான் அல்ல. அதன் தூரத்து உறவும் அல்ல.

பாக்கியம் ஒரு துண்டை வாயில் வைத்துவிட்டு, "அம்மா வீட்டு மரங்கள் ரெண்டும் தேன் மாதிரிக் காய்க்குதாமே. ஒரே நாளிலை ஒட்டின கண்டுகள்தானே?" என்றாள்.

அந்தக் கேள்வி எனக்குள் இறங்கியது. ஒரே மரம், ஒரே கை, ஒரே கத்தி. கரவெட்டியில் தேன், சண்டிலிப்பாயில் புளி. ஒட்டுக்கன்று மாறாது. மாறினால் யாரோ மாற்றியிருக்க வேண்டும். யாழ்ப்பாணப் பட்டணத்தில் பெரிய மனிதர் வளவுகளில் ஒட்டு மாங்கன்றுக்கு எவ்வளவு மோகம் என்று எனக்குத் தெரியும். என் ஆறு கன்றுகளும் ஏதோ ஒரு பெரிய மனிதரின் மதிலுக்குள் நிற்கின்றன, அவற்றின் குழிகளில் புளிமாங்கன்று நிற்கிறது என்று முடிவு கட்டினேன்.

அதே மாதம் செல்லையாவின் கடிதம் வந்தது. மகள் பூமணிக்கு மானிப்பாயில் சம்பந்தம் பேசியிருக்கிறதாம். மாப்பிள்ளை வீட்டார் தோட்டத்தை முழுதாகச் சீதனமாகக் கேட்கிறார்களாம். என் பாதியை நான் பூமணிக்கு எழுதிக் கொடுத்தால், வீட்டு வளவில் தன் பாதியை எனக்கு எழுதித் தருவானாம். வர முடியாவிட்டால், என் சார்பில் கையெழுத்து வைக்க அற்றோணித் தத்துவம் அனுப்பட்டாம். கடைசி வரியில், "மாங்காய் ருசித்ததா?" என்று கேட்டிருந்தான்.

அந்தக் கேள்வியை நான் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அறியாமையா, கேலியா?

நான் மாட்டேன் என்று எழுதவில்லை. காணியின் நில அளவைப் படம் வேண்டும் என்றேன். வந்தது. அப்புவின் உறுதியின் பிரதி வேண்டும் என்றேன். அதுவும் வந்தது. கிணற்றில் எனக்குள்ள பங்கு தெளிவாக இல்லை என்றேன். மாங்காயைப் பற்றி ஒரு சொல் எழுதவில்லை. மாப்பிள்ளை வீட்டார் ஒரு வருஷம் பொறுத்தார்கள், இரண்டாம் வருஷம் முணுமுணுத்தார்கள். பாக்கியம் ஒரு நாள் முருங்கை இலை உருவிக்கொண்டிருந்தபடியே சொன்னாள்: "ஒரு மாங்காய்க்காக ஒரு பெட்டையை வீட்டிலை இருத்தி வைச்சிருக்கிறியள். போய்ப் பார்த்திட்டாவது சந்தேகப்படுங்கோ."

லீவுக்கு எழுதினேன்.

4

சண்டிலிப்பாயில் இறங்கிய அன்று மத்தியானம் செல்லையாவின் மனைவி தங்கம்மா சோறு போட்டாள். மேலும் மேலும் போட்டாள். போதும் என்று சொல்ல வாய் திறந்தால் மலாய்தான் வந்தது: "சுக்குப், சுக்குப்."

"சுக்கோ அத்தான்? வயிறு சரியில்லையோ?" என்று அவள் அடுப்படிக்குள் ஓடிச் சுக்கை இடித்துத் தண்ணீர் வைத்துவிட்டாள். காரணம் சொல்ல வெட்கமாக இருந்தது. குடித்தேன். பூமணி கதவுக்குப் பின்னால் நின்று சிரித்தாள். நான் விட்டுப் போகும்போது பாவாடை கட்டிய பிள்ளை, இப்போது தாயை விட உயரம். அவள் கலியாணம் என் பேனையில் தொங்கிக்கொண்டிருந்தது அவளுக்கும் தெரியும். அப்படியும் சிரித்தாள்.

மறுநாள் காலை செல்லையா புகையிலைக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தபோது நான் மரங்களிடம் போனேன். மரங்கள் கொழுத்து நின்றன. களவாகப் பிடுங்கி வேறு நட்டிருந்தால் வயது வித்தியாசம் தெரியும். தெரியவில்லை. முழங்காலில் நின்று அடிப்பட்டையைக் கத்தியால் மெல்லச் சுரண்டினேன்.

என் ஒட்டு அங்கேயே இருந்தது. நான் சரிவாக வெட்டிக் கட்டிய வடு, ஆறிப்போன புண் போல. அதற்கு மேலே பெருவிரல் அளவில் ஒரு காய்ந்த கட்டை. வடுவுக்குக் கீழே அடிக்கன்றிலிருந்து புறப்பட்ட ஒரு தளிர்தான் முழு மரமாக நின்றது. அடுத்த மரமும் அப்படி. ஆறும் அப்படி.

"என்ன அண்ணை, மரத்தின்ரை காலிலை விழுந்து கும்பிடுறியள்?" செல்லையா மண்வெட்டியோடு வந்து நின்றான்.

"இதின்ரை தலை எங்கை?"

"தலையோ? நான்தான் முறிச்சனான்."

"ஏன் முறிச்சனி?"

"பூத்திட்டுது. முழங்கால் உயரமில்லை, அதுக்குள்ளை பூ. விட்டால் சத்தெல்லாம் பூவுக்குப் போயிடுமெல்லோ. புகையிலைக்கு முறிக்கிற மாதிரி முறிச்சன்."

"ஆறையுமோ?"

"ஒண்டுக்குச் செய்து மற்றதை விடுறதோ? பிறகு சோளகக் காத்துக்கு மேல் கட்டையும் காய்ஞ்சுது. ஆனா அடியிலை நல்ல தளிர் வந்தது. அதிலை திறமான ஒண்டை விட்டிட்டு மற்றதைக் கிள்ளி, எரு வைச்சு, நாள் தவறாமல் தண்ணி விட்டனான். எப்பிடி நிக்குது பாருங்கோ!"

பெருமையோடு மரத்தைத் தட்டினான். புகையிலை பூத்தால் தலையை முறிப்பார்கள், அப்போதுதான் இலை தடிக்கும். வெட்டி முடித்த பின் அடியில் வரும் தளிரில் ஒன்றை விட்டு இரண்டாம் வெட்டும் எடுப்பார்கள். செல்லையாவின் பெருவிரலுக்கு அது மூச்சு விடுவது போல. முற்றிய மரத்துக் கிளையை ஒட்டினால் கன்று சிறிதாக இருக்கும்போதே பூக்கும். பூவை மட்டும் கிள்ளியிருந்தால் போதும். அவன் தலையை எடுத்துவிட்டு, புளிமாங்கன்றைப் பிள்ளை போல வளர்த்திருக்கிறான்.

விளக்கிச் சொன்னேன். வடுவைக் காட்டினேன். அவன் குனிந்து பார்த்தான். நிமிர்ந்தான்.

"உது மண்வெட்டி பட்ட காயமாயும் இருக்கலாம்."

"ஆறு மரத்திலையும் ஒரே இடத்திலையோ?"

"அப்ப கரவெட்டி மரம் எப்பிடி நல்லாய்க் காய்க்குது?"

"அங்கை ஒருத்தரும் கை வைக்கேல்லை. தண்ணிகூட ஊத்தேல்லை."

"ஓமோம். தொடாத மரம் தேனாய்க் காய்க்குமாம், பார்த்துப் பார்த்து வளர்த்த மரம் புளிக்குமாம். அண்ணை, வெளிச்சமாய்க் கதைப்பம். நல்ல ஒட்டு ரெண்டையும் மாமியார் வீட்டிலை வைச்சிட்டு, நார் மாங்காயை எங்களுக்குத் தள்ளினியள் எண்டு ஊரே கதைக்குது."

"ஊரோ, நீயோ?"

"ஊரிலை நானும் ஒரு ஆள்தானே."

நான் அவனைக் கள்ளன் என்று நினைத்திருந்த அத்தனை காலமும் அவன் என்னை அப்படியே நினைத்திருக்கிறான். "மாங்காய் ருசித்ததா?" என்ற கேள்வியின் பொருள் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

5

மரங்களைக் காப்பாற்ற வழி இருந்தது. இடுப்பளவில் தறித்துவிட்டால் சில கிழமைகளில் புதுத் தளிர் வரும். அந்தத் தளிர்களில் கரவெட்டி மரத்துக் கண்களை எடுத்து, ரப்பருக்குச் செய்வது போல ஒட்டலாம். என் லீவு முடிவதற்குள் செய்து முடிக்கலாம். புளி மரங்கள் நிற்கும் தோட்டத்தைப் பெறாமகள் பூமணிக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, காலம் முழுவதும் அந்தப் பழியைச் சுமக்க எனக்கு விருப்பம் இல்லை.

"தறி. பிறகு கையெழுத்து வைக்கிறன்" என்றேன்.

"நீங்கள் வையுங்கோ. பிறகு தறிக்கிறன்."

"தறிக்காமல் விட்டிட்டியெண்டால்?"

"தறிச்ச பிறகு நீங்கள் கையெழுத்து வைக்காமல் கப்பல் ஏறினால்? சம்பந்தி வீட்டார் காணி பார்க்க வரேக்கை ஆறு மொட்டைக் குத்தியைக் காட்டுறதோ?"

இது பல நாள் ஓடியது. சாப்பாட்டில் சிரித்துப் பேசுவோம். கிணற்றடிக்குப் போனால் மறுபடி தொடங்கும். கடைசியில் தங்கம்மா இருவருக்கும் முன்னால் வந்து நின்றாள்.

"ரெண்டு பேரும் ஒரு தாய் வயித்துப் பிள்ளையளோ, இல்லாட்டிச் சந்தையிலை மாடு வாங்க வந்த ஆக்களோ? வெள்ளிக்கிழமை காலமை இவர் தறிக்கட்டும். அதே வெள்ளிக்கிழமை ரெண்டு பேரும் ஒண்டாய் பஸ் ஏறிப் பட்டணம் போய் நொத்தாரிசிட்டை உறுதி முடியுங்கோ. நடுவிலை ஒருத்தரும் தண்ணியும் குடியாதையுங்கோ."

வெள்ளிக்கிழமை விடியச் செல்லையா கோடரி எடுத்தான். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். காய்க்கிற மரத்தில் கோடரி வைக்க அவனுக்கு மனம் வரவில்லை என்பது தெரிந்தது. ஒவ்வொரு மரத்தையும் வெட்டுமுன் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். ஐந்து மரம் சாய்ந்தது. கிணற்றடி மரத்தருகில் வந்ததும் கோடரியைக் கீழே வைத்தான்.

"பஸ் வந்திடும் அண்ணை. இதை வந்து வெட்டுறன்."

பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். ஏன் ஒன்றை நிறுத்தினான்? என் ஒட்டு பிழைத்தால் ஒரு மரமாவது மிஞ்சட்டும் என்றா? அல்லது நான் கையெழுத்து வைக்கும்வரை ஒன்றைப் பிடித்து வைத்திருக்கிறானா? பஸ்ஸில் பட்டணம் வரை இதை நினைத்துக்கொண்டே போனேன்.

நொத்தாரிசு எழுதி வாசித்தார். கையெழுத்து வைக்கும் இடத்துக்கு வந்ததும் எனக்குள் ஒரு கணக்கு ஓடியது. மரங்கள் இனிக்கத் தொடங்கும்போது, காணியும் மரமும் மாப்பிள்ளை வீட்டாருடையது. எனக்கு ஒரு பழமாவது வருமா? ஒட்டுக் கண்ணுக்காக ஒரு கிளையாவது தருவார்களா? திரும்பிப் போனதும் தறித்து ஒட்டப்போகும் கிணற்றடி மரம்தான் முதல் தண்ணீர் குடிக்கும் மரம்.

"ஒரு வரி சேர்க்க வேணும்" என்றேன். "கிணத்தடியிலை நிக்கிற மாமரத்தின்ரை பயன் என்ரை சீவிய காலம் மட்டும் எனக்கு."

நொத்தாரிசு மூக்குக்கண்ணாடிக்கு மேலால் செல்லையாவைப் பார்த்தார். செல்லையா ஒரு கணம் யோசித்தான். பிறகு, "ஓம், எழுதுங்கோ" என்றான். அவன் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மிக நன்றாக ஒன்றும் தெரியவில்லை.

6

திரும்பி வந்ததும், "சரி, மற்றதையும் தறி" என்றேன்.

"அதை நான் எப்பிடித் தறிக்கிறது? அது உங்கடை மரமெல்லோ."

"நான்தானே சொல்லுறன்."

"வாயாலை சொன்னால் காணாது அண்ணை. நாளைக்கு மருமோன் வந்து, ஆரின்ரை மரத்தை ஆர் வெட்டினது எண்டு கேட்டால்?"

நானே கோடரி எடுத்தேன். தங்கம்மா ஓடி வந்தாள். உறுதி முடிந்த செய்தி கேட்டு, மானிப்பாயிலிருந்து அன்றே நாள் பார்க்க ஆள் அனுப்பிவிட்டார்கள். "கலியாணம் நிச்சயமான வீட்டிலை இனிப் பச்சை மரம் தறிக்க விடமாட்டன் அத்தான். காலமை வெட்டினது வெட்டினதுதான்."

மறுபடி பட்டணம் போய் நொத்தாரிசைக் கேட்டேன். பயன்தான் என்னுடையது, மரம் பூமணியுடையது என்றார். மரத்தை வெட்ட வேண்டுமானால் புதிதாக ஒரு பத்திரம், மாப்பிள்ளையின் சம்மதம், அதற்கு முத்திரை. மாப்பிள்ளை இன்னும் மாப்பிள்ளையாகவே ஆகவில்லை. என் லீவோ முடிந்துகொண்டிருந்தது.

ஐந்து குத்திகளிலும் தளிர் வந்தது. கரவெட்டியிலிருந்து கண் கொண்டுவந்து ஒட்டினேன். வாழை நாரால் நான் கட்ட, செல்லையா பிடித்துக்கொண்டான். அவன் பெருவிரல் ஒவ்வொரு நுனியையும் தடவிப் பார்ப்பதை நான் கவனித்துக்கொண்டே இருந்தேன். பூமணியும் கவனித்தாள். நான் கப்பல் ஏறுமுன் ஐந்து மரங்களையும் சுற்றிப் பனையோலை அடைத்துவிட்டாள்.

"ஆட்டுக்கோ பிள்ளை?" என்று கேட்டேன்.

"இல்லைப் பெரியப்பா. அப்புவுக்கு" என்று தகப்பனைக் கண்ணால் காட்டினாள்.

பூமணியின் கலியாணம் நன்றாக நடந்தது. நான் கடலில் இருந்தேன். இப்போது அந்த ஐந்து மரங்களும் காய்க்கத் தொடங்கிவிட்டன. நாகலிங்கம் போன மாதம் ஊரிலிருந்து வந்து, கண்ணை மூடிக்கொண்டு அந்த ருசியைச் சொன்னார். மானிப்பாய்க்காரர் சந்தைக்குக்கூட விடுவதில்லையாம், உறவுக்கே காணாதாம்.

எனக்கு என் சாக்கு வருகிறது. உறுதிப்படி, தவறாமல், ஒரு காய் குறையாமல். செல்லையா கிணற்றடி மரத்து மாங்காய்களைத் தானே பிடுங்கி, வைக்கோல் வைத்து, சாக்குத் தைத்து அனுப்புகிறான். மற்ற மரத்து மாங்காய் தவறியும் ஒன்று கலந்து வந்ததில்லை. அண்ணனின் உரிமையில் கை வைக்கக் கூடாது என்ற மரியாதையா, அன்றைக்குக் கோடரியைக் கீழே வைத்தபோதே இதைக் கண்டிருந்தானா? நொத்தாரிசு முன்னால் அவன் யோசித்த அந்த ஒரு கணத்தை நான் இன்னும் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். முடிவு வரவில்லை.

இன்று பள்ளிக்கூடம் விட்டு வந்த தில்லையும் மகள் சரசுவும் சாக்கைக் கண்டதும் ஆரவாரம் செய்தார்கள். பக்கத்து வீட்டு மலாய்க்காரியிடம் நாலைந்தை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். அவள் அதைச் சீவி, மிளகாயும் கருப்பட்டியும் இறால் விழுதும் சேர்த்துப் பிசைந்து கொடுப்பாள். விரலை நக்கிக்கொண்டு திரும்பி வந்தார்கள்.

"அந்த அஞ்சு மரமும் இனிப்பாமே, அதிலை ரெண்டு கேட்டு எழுதட்டோ?" என்றேன்.

தில்லை என்னைச் சந்தேகத்தோடு பார்த்தான். அந்தப் பார்வை எங்கிருந்து வந்தது என்று நான் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

"இனிப்போ? வேண்டாமப்பா. பிறகு அது ஊர் மாங்காய் மாதிரி இராது" என்றான்.